கரையில் ஒரு மரக்கட்டை

செப்டம்பர் 9, 1878

மழை. நாள் முழுக்கத் தூரிகையைத் தொடவில்லை. மதியம் முயல் குழம்பு வைத்தார்கள். சட்டியில் தலையைக் காணோம். விடுதிக்காரி மதாம் பிஸோவிடம் கேட்டேன். "தலையை நாய்க்குப் போட்டுட்டேன்" என்றாள். எந்த நாய்க்கு? இந்த விடுதியில் நாயே கிடையாது. எதிர்வீட்டு நாயாம். ஜெர்மன்காரன் பாரிஸை வளைத்துக்கொண்டு கிடந்த அந்தக் குளிர்காலத்தில், முயல் என்று சொல்லி எனக்கும் என் கணவருக்கும் எதை விற்றார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. வீட்டுப் பூனைகள் எல்லாம் காணாமல் போன குளிர்காலம் அது. அவர் அந்தக் குளிரோடு போய்ச் சேர்ந்தார். அன்றிலிருந்து தலையைக் கண்ணால் பார்க்காமல் நான் முயல் சாப்பிடுவதில்லை. ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றேன்.

சாயங்காலம் அதே மழையில் ஒரு புதியவள் வந்து இறங்கினாள். டென்மார்க்காம். பெயர் தோரா மோல்பெக். முப்பது இருக்காது. தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வாசலில் நின்று ஆற்றைப் பார்த்துச் சிரித்தாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? தோட்டத்தைப் பார்த்த மாடி அறையை அவளுக்குக் கொடுத்துவிட்டார்கள். நான் போன வருடமே கேட்ட அறை அது.

செப்டம்பர் 10

அவளும் ஓவியராம். நினைத்தேன்.

செப்டம்பர் 13

வெயில் வந்தது. தோட்டத்தின் கோடியில், ஆற்றங்கரையில், வழக்கமான இடத்தில் ஓவியத் தாங்கியை நட்டேன். மூன்று கான்வாஸ். ஒன்று காலைக்கு, ஒன்று உச்சி வெயிலுக்கு, ஒன்று சாயங்காலத்துக்கு. நிழல் நகர்ந்ததும் ஒன்றை எடுத்துவிட்டு அடுத்ததை வைக்க வேண்டும். காலை வெளிச்சத்தை மதியம் தொட்டால் இரண்டும் கெட்டுப்போகும்.

இரண்டாவதை மாற்றும்போதுதான் பார்த்தேன், எனக்குப் பின்னால் அவள். புல்லில் உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு நேரமாகவோ.

"தொந்தரவு இல்லையே, மதாம்?"

"ஏற்கனவே உட்கார்ந்தாச்சு. இனிமே கேட்டு என்ன?"

அவள் அதற்கும் சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "மரத்து நிழலுக்கு ஏன் ஊதா போடறீங்க? எங்க ஊர்ல மாஸ்டர் பழுப்புலதான் ஆரம்பிக்கச் சொல்வார்" என்றாள்.

"உங்க மாஸ்டர் வெளியில வந்திருக்காரா எப்பவாவது?"

"அவருக்கு மூட்டுவலி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் தப்பு. சிரித்த வாயோடு சொல்லிவிட்டேன்: நிழல் கறுப்பில்லை, அது வானத்தின் நிறத்தை வாங்கிக்கொள்கிறது, உன் பெட்டியில் இருக்கிற கறுப்பு டியூபைத் தூக்கி எறி என்று. இதைக் கண்டுகொள்ள எனக்கும், என்னோடு வரைகிற காஸ்பாருக்கும் எத்தனை வருடம் ஆனது. ஒரு நிமிடத்தில் வாரிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். எனக்கென்ன கேடு?

செப்டம்பர் 14

அவள் பெட்டியில் கறுப்பு டியூப் இல்லை. பார்த்துவிட்டேன்.

செப்டம்பர் 20

மதாம் பிஸோ துணி உலர்த்திக்கொண்டே சொன்னாள். "அந்த டேனிஷ் பொண்ணு உங்களைப் பத்தித்தான் கேட்டுக்கிட்டே இருக்கு. எத்தனை மணிக்குக் கிளம்பறாங்க, எப்ப திரும்பறாங்க, மழை பெஞ்சா என்ன பண்றாங்கன்னு."

"நீ என்ன சொன்ன?"

"எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னேன். மழை பெஞ்சா எரிஞ்சு விழுவாங்கன்னேன்."

ஒருத்தி எப்போது வெளியே போகிறாள், எப்போது திரும்புகிறாள் என்று விசாரிப்பவர்கள் இரண்டே வகை. காதலிப்பவர்கள், திருடர்கள். எனக்கு நாற்பத்திரண்டு வயது. முதல் வகையை விட்டுவிடலாம்.

செப்டம்பர் 24

இன்று அவள் என் பெட்டி மூடியில் ஒட்டியிருக்கும் ஜப்பான் மர அச்சுச் சித்திரத்தை வெகுநேரம் பார்த்தாள். மேலிருந்து பார்த்த பாலம், ஓரத்தில் வெட்டுப்பட்ட படகு, குடையோடு சின்னச் சின்ன ஆட்கள். "இப்படிக்கூட உயரத்துல இருந்து பார்க்கலாமா" என்றாள் தனக்குத்தானே. பெட்டியை மூடிவிட்டேன்.

இவளைப் பார்த்தாலே முதல் கண்காட்சி ஞாபகம் வருகிறது. நான்கு வருடம் ஆகிவிட்டது. அரசாங்கச் சலோன் கண்காட்சியில் வருடா வருடம் கதவைச் சாத்தினார்கள் என்று, ஒரு புகைப்படக்காரர் காலி செய்த மாடி அறைகளில் நாங்களே படங்களை மாட்டிக்கொண்டோம். ஊரே வந்தது, சிரிக்க. ஒரு கனவான் என் படத்தின் மேல் மூக்கு உரசும்படி நின்று, "இதுக்குப் பூஞ்சை பிடிச்சிருக்கு" என்றார். காஸ்பார் அவர் சட்டைக் கையைப் பிடித்து எதிர்ச் சுவர்வரை இழுத்துக்கொண்டு போனான். "இப்பப் பாருங்க." அவர் பார்த்தார். வாய் திறந்தது. "ஓ" என்றார். "தண்ணி."

அந்த ஒரு 'ஓ'வை வைத்துக்கொண்டு நான் நாலு வருடம் ஓட்டியிருக்கிறேன். எங்களை இம்ப்ரெஷனிஸ்டுகள், மனப்பதிவுக்காரர்கள் என்று கேலி செய்து எழுதினார்கள். கேலிப் பெயர்தான் கடைசியில் நின்றது. எங்கள் படத்தைக் கிட்டப் போய்ப் பார்க்கக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லி என் தொண்டை வற்றிவிட்டது. இதையெல்லாம் பட்டவர்கள் நாங்கள். மாடி அறையில் வந்து தங்கிக்கொண்டு பின்னால் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போகிறவள் அவள்.

அக்டோபர் 6

ஞாயிறு. காஸ்பார் ரயிலேறி வந்திருந்தான். அடுத்த வசந்தத்துக் கண்காட்சியில் படங்களை மாட்டும் பொறுப்பு அவனுடையது.

"இடம் ரொம்பக் கம்மி, ஸெலி. சண்டை ரொம்ப ஜாஸ்தி. நீ ஒரே ஒரு படம் குடு. ஆனா வேற எவனும் போடாத படமா இருக்கணும்."

"அப்படி ஒண்ணு இருந்தா இந்நேரம் காட்டியிருக்க மாட்டேனா?"

"அதான் கேக்கறேன். இந்தப் பாலத்தையே எத்தனை தடவை போடுவ?"

வலித்தது. உண்மை என்பதால் கூடுதலாக வலித்தது. பிறகு அவன் தோராவின் கான்வாஸ்களைப் பார்த்தான். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தோட்டத்தின் பாதிவரை பின்னால் நடந்து போய்ப் பார்த்தான். என் படங்களுக்கு இப்போதெல்லாம் அவன் அவ்வளவு தூரம் நடப்பதில்லை.

"பரவாயில்லையே. இந்தப் பொண்ணுக்குக் கண்ணு இருக்கு. இவளுக்கும் ஒரு மூலை ஒதுக்கலாம்னு பாக்கறேன்."

"யார் கண்ணு அது?" என்றேன். அவனுக்குக் கேட்கவில்லை, அல்லது கேட்காத மாதிரி இருந்தான்.

அக்டோபர் 13

தோராவுக்குக் காய்ச்சல். மூன்று நாளாக மாடியை விட்டு இறங்கவில்லை. தோட்டம் விசாலமாக இருக்கிறது.

அக்டோபர் 15

இதை இன்றே எழுதிவிட வேண்டும்.

விடிந்தபோது ஆறு இல்லை. மூடுபனி. பாலம் இல்லை, பாப்லர் மரங்கள் இல்லை, சலவைத் துறையில் பெண்கள் துணி அடிக்கும் சத்தம் மட்டும் எங்கிருந்தோ. நீல ஏப்ரனை மாட்டிக்கொண்டு வைக்கோல் தொப்பியோடு ஓடினேன். தாங்கியை நட்டு முடிப்பதற்குள் சூரிய வெளிச்சம் பின்னாலிருந்து பனிக்குள் இறங்கியது. இளஞ்சிவப்பு. அப்படி ஒரு சிவப்பை நான் பார்த்ததில்லை, சாம்பலுக்குள்ளிருந்து வருகிற சிவப்பு. அதற்கடியில் ஊதா. மரங்கள் ஒவ்வொன்றாக வந்தன, நான் வரைய வரைய வந்த மாதிரி இருந்தது. யோசிக்கவில்லை. வண்ணத்தைத் தட்டில் கலக்கக்கூட நேரமில்லை, கான்வாஸிலேயே ஒன்றன் பக்கத்தில் ஒன்றை வைத்தேன். பனி விலகி ஆறு சாதாரண ஆறானபோது முடித்திருந்தேன். ஒரு தொடுகைகூட இனி வேண்டாம்.

காஸ்பார் கேட்ட படம் இதுதான். வேறு யாரும் போடாதது. போட முடியாதது, ஏனென்றால் அந்தக் காலை போய்விட்டது.

என் பின்னால் யாரும் இல்லை. திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

அக்டோபர் 16

பனி வரவில்லை. நல்லது.

அக்டோபர் 17

படம் காய்வதற்குத் தோட்டத்துக் கொட்டகையில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். சாவியை நானே வைத்துக்கொள்கிறேன் என்றேன். மதாம் பிஸோ சம்மதிக்கவில்லை. "கோழித் தீவனம் அங்கதான் இருக்கு, உங்ககிட்ட வந்து கெஞ்சணுமா நான்?" சாவி சமையலறை ஆணியில் தொங்குகிறது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்.

அக்டோபர் 19

எங்கிருந்து ஆரம்பிப்பது.

மதாம் பிஸோவுக்குச் சலவை நாள். காய்ச்சல்காரிக்கு சூப்பை என் கையில் கொடுத்து அனுப்பினாள். தோரா தூங்கிக்கொண்டிருந்தாள். அறை ஒரு அலமாரி அளவு. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் முழங்கால் இடிக்கிறது. கட்டிலோரம் ஒரு கான்வாஸ், முகம் சுவரைப் பார்த்து. சுவர்ப் பக்கம் திருப்பி வைத்த படத்தைத் திருப்பிப் பார்க்காமல் எந்த ஓவியனால் நகர முடியும்?

திருப்பினேன். என் மூடுபனி.

அதே சிவப்பு. அதே சாம்பல். அதற்கடியில் அதே ஊதா. மூக்கு படும்படி தூக்கிப் பிடித்து ஒவ்வொரு தொடுகையாகப் பார்த்தேன். ஒன்றன் பக்கத்தில் ஒன்று, கலக்காமல், என் கை வைக்கிற மாதிரியே. திருடியதை மறைக்க ஆற்றைக் கொஞ்சம் மேலே தூக்கி வைத்திருக்கிறாள், மரங்களை இடம் மாற்றியிருக்கிறாள். கரையில், என் படத்தில் ஒன்றுமே இல்லாத இடத்தில், நீலமும் மஞ்சளும் குழப்பி ஒரு மரக்கட்டை. அந்தக் கரையில் கட்டை ஏது? பார்த்து எழுதியும் பிழை.

அவள் விழித்துவிட்டாள்.

"இது எப்பப் போட்டது?" என்றேன்.

"பனி வந்த அன்னிக்கு."

"அன்னிக்கு நீ காய்ச்சல்ல கிடந்த."

"ஜன்னல்ல இருந்து போட்டேன், மதாம்."

ஜன்னலைப் பார்த்தேன். சாத்தியிருந்தது. இடுக்கில் கந்தல் துணி அடைத்திருந்தது. ஜன்னலின் வெளிப்பலகைக் கதவும் மூடி இருந்தது.

"கொட்டகைச் சாவி சமையலறை ஆணியிலதானே தொங்குது?"

அவளுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. எழுந்து உட்கார்ந்தாள். "என்ன சொல்ல வர்றீங்க?"

"உனக்கே தெரியும்."

"இன்னொரு தரம் பாருங்க. கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க."

"எனக்கே பாடமா? இதை நான் ஊருக்குச் சொன்னப்ப நீ உன் மாஸ்டர்கிட்டப் பழுப்பு குழைச்சிட்டிருந்த."

அவள் முகம் சிவந்தது, காய்ச்சலாலோ எதனாலோ. "உங்க பெட்டி மூடியில ஒட்டியிருக்கீங்களே ஜப்பான் படம், அதை யார்கிட்டக் கேட்டுட்டு எடுத்தீங்க?" என்றாள். பிறகு, மெதுவாக: "அந்தப் படத்துல என்ன இருக்குன்னு உங்களுக்கே தெரியலைன்னா, நான் சொல்லி என்ன பிரயோஜனம்?"

திமிரு. எவ்வளவு திமிரு. கையும் களவுமா மாட்டிக்கிட்டு என்னையே கேள்வி கேக்கறா. எப்படிடீ மனசு வந்துச்சு உனக்கு? ஒரு காலைநேரம். எனக்குன்னு ஒரே ஒரு காலைநேரம்.

கீழே வந்து மதாம் பிஸோவிடம் கேட்டேன். "மாடி ஜன்னலைப் பனி அன்னிக்கு யார் சாத்தினது?"

"நான்தான். காய்ச்சல்காரிக்குக் காத்து ஆகுமா? துணி வச்சு அடைச்சதும் நான்தான்."

அவ்வளவுதான். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

நவம்பர் 2

பாரிஸ் போய் காஸ்பாரைப் பார்த்தேன். அவனுடைய அறையில் எங்கு பார்த்தாலும் படச் சட்டங்கள். சொன்னேன். பட்டும் படாமலும் தலையை ஆட்டினான். அப்படி ஆட்டுகிறவன் அல்ல அவன்.

"நீ நல்லாப் பாத்தியா?"

"கையில எடுத்துப் பார்த்தேன். இவ்வளவு கிட்ட."

"கிட்டவா?" என்று சிரித்தான். "நீயா?"

"இது சிரிக்கிற விஷயமா?"

சிரிப்பை நிறுத்திக்கொண்டான். "ஸெலி, வண்ணத்தை அடைச்சு எடுத்துட்டுப் போற டியூபை ஒரு அமெரிக்காக்காரன் கண்டுபிடிச்சான். அது இல்லேன்னா நாம ஆத்தங்கரைக்கே போயிருக்க முடியாது. மேலேர்ந்து பாக்கறதை ஜப்பான்காரன்கிட்ட எடுத்தோம். ஊதா நிழலுக்கு மட்டும் வேலி போட முடியுமா?"

"வேலி போடச் சொல்லல. அவளா நானான்னு கேக்கறேன்."

வெகுநேரம் ஒரு சட்டத்தின் மூலையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். "நீதான்" என்றான். "உன்னைத்தான் எனக்குத் தெரியும்."

தோராவுக்கு ஒதுக்கிய மூலை இனி இல்லை. நான் கேட்டதுதான் கிடைத்தது. ரயிலில் வரும்போது ஏன் சந்தோஷமாக இல்லை என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

நவம்பர் 6

அவள் போய்விட்டாள். வாசலில் என்னைப் பார்த்து நின்று, "கறுப்பு வேண்டாம்னு சொன்னீங்க இல்ல, அதுக்கு நன்றி, மதாம்" என்றாள். குத்தலா? முகத்தில் குத்தல் தெரியவில்லை. அதனால்தான் சந்தேகமாக இருக்கிறது.

ஏப்ரல் 14, 1879

கண்காட்சி. மூடுபனி நல்ல இடத்தில் மாட்டியிருக்கிறது. எதிரே வாசல், தூரத்திலிருந்தே தெரியும். நிறையப் பேர் அங்கேயே நின்றார்கள். ஒரு பெண் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். நான் தூணுக்குப் பின்னாலிருந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் படத்தைப் பார்க்க முடியவில்லை. பார்த்தால் கரையில் அந்தக் கட்டையைத் தேடுகிறது கண்.

மார்ச் 3, 1883

விடுதிக்கு அமெரிக்க இளைஞர்கள் ஐந்தாறு பேர் வந்திருக்கிறார்கள், பாரிஸ் பள்ளியில் படிக்கிறவர்களாம். எல்லோரும் ஆற்றங்கரையில்தான். எல்லோர் நிழலும் ஊதா. ஒருவன் என்னிடம் வந்து, இந்த முறையை போஸ்டனில் தனக்கு ஒருவர் சொல்லிக் கொடுத்தார் என்று எனக்கே விளக்கினான். கேட்டுக்கொண்டேன். சொல்லவில்லை நான் யார் என்று.

அக்டோபர் 22, 1884

மூடுபனியைச் சுரண்டிவிட்டேன்.

விற்கவில்லை. விற்கக் கொடுக்கவும் இல்லை. சுவரில் மாட்டினால் தோரா, கழற்றி வைத்தால் தோரா. கத்தியால் வண்ணத்தை வழித்துவிட்டு அதே துணியில் ஆப்பிள் மரம் போட்டேன். எல்லோரும் செய்வதுதான். கான்வாஸ் நல்ல கான்வாஸ். வீணாகக் கூடாது.

மே 30, 1886

எங்கள் கண்காட்சி இதுதான் கடைசி என்கிறார்கள். இவன் அவனோடு பேசுவதில்லை, அவன் இவனோடு மாட்டுவதில்லை. ஒரு வியாபாரி எங்கள் கூட்டத்துப் படங்களைப் பெட்டி பெட்டியாக நியூயார்க்குக்கு ஏற்றிக்கொண்டு போயிருக்கிறான். அங்கே யாரும் சிரிக்கவில்லையாம். நம்பமுடியவில்லை. ஏன் சிரிக்கவில்லை? என்ன தெரிகிறது அவர்களுக்கு?

ஜூன் 18, 1889

உலகக் கண்காட்சி. இரும்புக் கோபுரத்தடியில் கூட்டம் நசுக்குகிறது. காஸ்பார் இழுத்துக்கொண்டு போனான். தலை முழுக்க நரைத்துவிட்டது அவனுக்கு. "டேனிஷ்காரங்க அறையைப் பாக்கணும்" என்றான். ஏன் என்று கேட்கவில்லை. எனக்குத் தெரியும். நானும் அதற்காகத்தான் கிளம்பினேன். திருட்டை ஊர் நடுவில் வைத்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பத்து வருடமாக வைத்திருக்கிற கோபம்.

வாசலிலேயே மாட்டிக்கொண்டோம். ஒரு பள்ளிக்கூடமே உள்ளே இருந்தது போல, தொப்பிகள், குடைகள். நகர முடியவில்லை. தொப்பிகளுக்கு மேலே, அறையின் அந்தக் கோடியில், எதிர்ச் சுவரில் அது இருந்தது. சின்னப் படம்.

ஜன்னல் சட்டத்தின் ஓரம் கீழே ஒரு கோடாகத் தெரிந்தது. அதற்குக் கீழே தோட்டத்து ஓட்டுக் கூரை. மாடியிலிருந்து பார்த்த ஆறு, அதனால்தான் அது மேலே ஏறியிருந்தது. பனி. அந்தச் சிவப்பு. கரையில் மரக்கட்டை இருந்த இடத்தில் ஒரு பெண் நின்று வரைந்துகொண்டிருந்தாள். நீல ஏப்ரன். வைக்கோல் தொப்பி. ஒரு கை ஓங்கியிருந்தது. தலை கொஞ்சம் திரும்பியிருந்தது, பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று பார்ப்பது போல.

"ஓ" என்றேன்.

காஸ்பார் என்னைப் பார்த்தான். கூட்டம் கலைந்து வழி கிடைத்தது.

"கிட்டப் போய்ப் பாக்கலையா?"

"வேண்டாம்."

"பேர்ப்பலகையாவது படிக்கலாம் வா."

"வேண்டாம்னு சொல்றேன் இல்ல." அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறோம் என்பது போல அங்கேயே நின்றான். அழுதேன். பொது இடத்தில் அழுகிறவர்களை நான் சந்தேகப்பட்டே பழகியவள்.

ஜூன் 20

காவலுக்கிருந்த டேனிஷ் பையனிடம் காஸ்பார் விசாரித்திருக்கிறான். மதாம் மோல்பெக் கோபன்ஹேகனில் பெண்களுக்கு ஓவியம் சொல்லிக் கொடுக்கிறாராம். ரொம்பக் கண்டிப்பாம். கறுப்பு டியூபோடு வருகிறவர்களை வகுப்புக்குள் விடுவதில்லையாம். சிரித்துக்கொண்டே சொன்னான் காஸ்பார்.

பத்து வருடம். நான் சொன்னதை அவள் அப்படியே வைத்திருக்கிறாள். நான் அவளுக்கு ஒரு மூலைச் சுவர்கூடக் கிடைக்காமல் செய்தேன். என் காலைநேரம் என்று நான் பூட்டி வைத்தது ஆப்பிள் மரத்துக்கடியில் போய்விட்டது. அந்தக் காலை இப்போது உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது, அவளிடம். அதில் நானும் இருக்கிறேன்.

அக்டோபர் 17, 1889

மதாம் பிஸோவிடம் மாடி அறையைக் கேட்டேன். இந்த முறை கொடுத்தாள். படியேறும்போது கேட்டேன்: "பனி அன்னிக்கு இந்த ஜன்னலைச் சாத்தினது நீதானே?"

"நான்தான். சாத்தச் சாத்த அந்தப் பொண்ணு திறந்துடும். நடுங்கிக்கிட்டுப் போர்வையைச் சுத்திக்கிட்டு இதுல உக்காந்திருந்துச்சு. 'செத்துப் போயிடுவே'ன்னேன். வெளியில பாத்துக்கிட்டே, 'இப்பப் பேசாதீங்க, அவங்க நகர்ந்துடுவாங்க'ன்னு சொல்லுச்சு."

"அன்னிக்கு ஏன் இதை என்கிட்டச் சொல்லல?"

"நீங்க சாத்தினது யாருன்னுதானே கேட்டீங்க. திறந்தது யாருன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

அக்டோபர் 21

மூடுபனி. அன்றைக்கு வந்தது மாதிரி இல்லை, சாதாரணப் பனிதான். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு போர்வையைச் சுற்றிக்கொண்டு வரைந்தேன். ஓட்டுக் கூரை, ஆறு, சலவைத் துறை. கரையில் ஒருவருமில்லை.

கண்ணுக்குத் தெரியாததை ஒருபோதும் வரையக் கூடாது என்று வாதாடிச் சண்டை போட்டவள் நான். இன்று, காலியான கரையில், புல்லின் மேல், உட்கார்ந்திருக்கும் ஒருத்தியை வைத்தேன். நாலைந்து தொடுகைதான். கிட்டப் போனால் ஒன்றும் தெரியாது. காய்ந்ததும் கோபன்ஹேகனுக்கு அனுப்ப வேண்டும். கடிதம் வைக்கப் போவதில்லை. அவளுக்குத் தள்ளி நின்று பார்க்கத் தெரியும்.

திருப்பி அனுப்பிவிடுவாளோ? அனுப்பட்டும்.

மதியம் பசி தாங்கவில்லை. கீழே இறங்கி உட்கார்ந்தேன். முயல் குழம்பு. இரண்டு தட்டு சாப்பிட்டேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது மதாம் பிஸோ என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. தலையை எடுத்துக் காட்டலாம்னு தனியா வச்சிருந்தேன். நீங்க கேக்கவே இல்ல."